மல்டிசைட் வலையமைப்பில் செருகுநிரல் இயங்க மறுக்கும்போது: அறிகுறி வாரியான வழிமுறை

இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 3.0 பதிப்பு 2010 ஜூனில் வெளிவந்தபோது, அதுவரை எம்யூ என்ற பெயரில் தனியாக வளர்ந்துவந்த பலதள நிரல் மூல வேர்ட்பிரஸுடன் இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரே நிறுவலை வைத்துக்கொண்டு எத்தனை தளங்களை வேண்டுமானாலும் நடத்த முடிகிறது; இதுவே மல்டிசைட் வலையமைப்பு. இத்தகைய வலையமைப்பில் செருகுநிரலின் (பிளகின், அதாவது தளத்திற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) கோப்பு ஒன்றுதான் இருக்கும். ஆனால் அது இயக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு இரண்டு வெவ்வேறு இடங்களில் எழுதப்படுகிறது. வலையமைப்பு நிர்வாகத்திலிருந்து எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து இயக்கினால், அது டபிள்யூபி_சைட்மெட்டா அட்டவணையில் ஆக்டிவ்_சைட்வைட்_பிளகின்ஸ் என்ற பெயரில் பதிவாகும். ஒரு தளத்தில் மட்டும் இயக்கினால், அந்தத் தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஆக்டிவ்_பிளகின்ஸ் என்ற பெயரில் பதிவாகும். அந்த அட்டவணை முதன்மைத் தளத்திற்கு டபிள்யூபி_ஆப்ஷன்ஸ், 7 என்ற எண்ணுள்ள தளத்திற்கு டபிள்யூபி_7_ஆப்ஷன்ஸ். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டு ஏடுகளில் எதில் எழுதியிருக்கிறது, எதைப் பார்த்துவிட்டு நாம் பேசுகிறோம் என்ற குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

அட்டவணைகளின் முன்னொட்டு டபிள்யூபி என்றே வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் நிறுவலில் அது வேறாக இருக்கலாம். சார்புகளின் (ஃபங்ஷன்) பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கோடு உள்ள இடத்தில் நிரலிலும் அடிக்கோடுதான்.

எதையும் தொடுவதற்கு முன் தரவுத்தளத்தைக் காப்புநகல் எடுத்துவிட்டு, டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் பிழைகாண் நிலையை இயக்கி, பிழைகள் திரையில் தோன்றாமல் பதிவுக்கோப்பில் மட்டும் விழுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளங்களும் அந்த ஒரே பதிவுக்கோப்பில்தான் எழுதும் என்பதையும், எந்தத் தளத்தில் பிழை நேர்ந்தது என்பதை அதன் வரிகள் தாமாகச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே பிழையை மீண்டும் வரவழைக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

அறிகுறி: தள நிர்வாகிக்குச் செருகுநிரல்கள் பக்கமே தெரியவில்லை

இது பிழையன்று, மல்டிசைட்டின் இயல்புநிலையே இதுதான். வலையமைப்பு நிர்வாகத்தின் அமைப்புகள் பக்கத்தில் கடைசிவரை இறங்கினால், பட்டி அமைப்புகள் என்ற பகுதியில் செருகுநிரல்களுக்கான தேர்வுப்பெட்டி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால்தான் தள நிர்வாகிகளுக்கு அந்தப் பக்கம் திறக்கும். சூப்பர் அட்மினுக்கு (வலையமைப்பு முழுவதையும் நிர்வகிப்பவர்) இந்தப் பெட்டி எப்படி இருந்தாலும் பக்கம் தெரியும் என்பதால், "எனக்குத் தெரிகிறதே, உங்களுக்கு ஏன் தெரியவில்லை" என்ற உரையாடல் வாரக்கணக்கில் நீள்வதுண்டு. தள நிர்வாகியின் கணக்கு ஒன்றைச் சோதனைக்கென்றே உருவாக்கி வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியைத் தேர்ந்தெடுத்த பின்னும் தள நிர்வாகியால் இயக்கவும் முடக்கவும் மட்டுமே முடியும்; புதிதாக நிறுவுவதும் நீக்குவதும் சூப்பர் அட்மினுக்கே உரியவை.

அறிகுறி: பக்கம் திறக்கிறது, குறிப்பிட்ட செருகுநிரல் மட்டும் பட்டியலில் இல்லை

அது ஏற்கெனவே வலையமைப்பு முழுவதற்கும் இயக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் தள நிர்வாகியின் பட்டியலில் அது காட்டப்படாது. அல்லது முதன்மைக் கோப்பின் தலைப்புக் குறிப்பில், வலையமைப்புக்கு மட்டுமே உரியது என்று ஆசிரியர் அறிவித்திருக்கலாம். அத்தகையதைத் தனித் தளத்தில் இயக்கவே முடியாது. கோப்பு மியூ-பிளகின்ஸ் கோப்புறையில் இருந்தாலும் இயக்கும் இணைப்பு வராது, ஏனென்றால் அங்கே உள்ளவை எப்போதும் இயக்கத்திலேயே இருப்பவை. அந்தக் கோப்புறையில் நேரடியாகக் கிடக்கும் பிஎச்பி கோப்புகளை மட்டுமே வேர்ட்பிரஸ் ஏற்றும். உட்கோப்புறையோடு சேர்த்து அப்படியே போட்டுவிட்டால் அது ஏறாது, பிழைச்செய்தியும் வராது.

அறிகுறி: முதன்மைத் தளத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது, மற்றத் தளங்களில் அட்டவணை இல்லை என்று பிழை வருகிறது

மல்டிசைட்டில் நான் அதிகம் சந்தித்த சிக்கல் இதுதான், எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். செருகுநிரலை இயக்கும் கணத்தில் ஒருமுறை ஓடும் ஆக்டிவேஷன் ஹூக்கில்தான் (ஹூக் என்பது குறிப்பிட்ட கணத்தில் தம் நிரல் ஓடும்படி மாட்டிவைக்கும் இடம்) பெரும்பாலான ஆசிரியர்கள் தங்கள் அட்டவணைகளை உருவாக்குகிறார்கள், தொடக்க அமைப்புகளை எழுதுகிறார்கள். வலையமைப்பு முழுவதற்கும் இயக்கும்போதும் அந்த ஹூக் ஒரே ஒருமுறைதான், அதுவும் பொதுவாக முதன்மைத் தளத்தின் சூழலில்தான் ஓடும். ஐம்பது தளங்கள் இருந்தால் ஐம்பது முறை ஓடும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான் என்றாலும், வேர்ட்பிரஸ் அப்படிச் செய்வதில்லை. வலையமைப்பு முழுவதற்கும் இயக்கப்படுகிறது என்ற செய்தியை மட்டும் ஹூக்கிற்கு ஓர் உள்ளீடாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதைப் பார்த்து, தளங்களின் பட்டியலைக் கெட்_சைட்ஸ் சார்பின் மூலம் வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்விட்ச்_டு_பிளாக் கொண்டு அதற்குள் போய், வேலை முடிந்ததும் ரெஸ்டோர்_கரன்ட்_பிளாக் கொண்டு திரும்பி வருவது ஆசிரியரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நிறைவேற்றியவர்களும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட துறைத் தளங்கள் கொண்ட ஒரு கல்வி வலையமைப்பைப் பராமரித்தபோது, நிகழ்வுப் பதிவுச் செருகுநிரல் ஒன்றை எல்லாத் தளங்களுக்கும் இயக்கினேன். பழைய துறைகளில் எல்லாம் சரியாக இருந்தது. அண்மையில் தொடங்கிய சில தளங்களில் மட்டும் படிவத்தைச் சமர்ப்பித்தால் வெற்றுப் பக்கம் வந்தது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் தள எண் 104 வரை அட்டவணைகள் இருந்தன, 105 முதல் இல்லை. 104 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு என்று அரை நாள் யோசித்த பிறகே, இடையில் நான்கு தளங்களை நீக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக 100 தளங்கள். கெட்_சைட்ஸ் சார்பு, எண்ணிக்கையைக் குறிப்பிடாவிட்டால் தள எண் வரிசையில் முதல் 100 தளங்களை மட்டுமே திருப்பித் தரும். எண்ணிக்கைக்கு 0 என்று கொடுத்தால்தான் அனைத்தும் வரும். செருகுநிரலின் நிரலில் அந்த 0 இல்லை.

உங்கள் வலையமைப்பில் இதே நிலையா என்று அறிய, தளங்கள் பட்டியலில், செருகுநிரல் ஒழுங்காக இயங்கும் கடைசித் தளத்தின் திருத்து இணைப்பின்மேல் சுட்டியை வையுங்கள். முகவரியின் இறுதியில் தள எண் தெரியும். அதை வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தாங்கிய அட்டவணைகள் தரவுத்தளத்தில் உள்ளனவா என்று பாருங்கள். எந்தத் துணைத்தளத்திலும் இல்லையென்றால், ஆசிரியர் வலையமைப்பைக் கருதவே இல்லை. முதல் நூறில் மட்டும் இருந்தால் மேற்சொன்ன வரம்பே காரணம். இடையில் எங்கோ நின்றுபோயிருந்தால், பெரும்பாலும் பிஎச்பியின் நேர வரம்பு குறுக்கே வந்திருக்கும். உலாவியிலிருந்து இயக்காமல் டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளைவரியிலிருந்து இயக்கும் கருவி) வழியாக இயக்கினால் அந்த வரம்பு பொதுவாகத் தடையாக இராது.

உடனடித் தீர்வாக, வலையமைப்பு அளவிலான இயக்கத்தை முடக்கிவிட்டு, டபிள்யூபி-சிஎல்ஐயில் தளங்களின் முகவரிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே இயக்கும் கட்டளையை ஓட்டுங்கள். அப்போது ஹூக் அந்தந்தத் தளத்தின் சூழலில் ஓடி, வேண்டிய அட்டவணைகளை உருவாக்கும். கட்டளையில் தள முகவரியைக் குறிப்பிட மறந்தால் அது முதன்மைத் தளத்தின்மீதே வேலை செய்யும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே தளத்தில் ஐம்பது முறை இயக்கிவிட்டு முடிந்தது என்று எழுந்துபோனவர்களை நான் அறிவேன். சில செருகுநிரல்கள் முடக்கப்படும்போதே தரவை அழித்துவிடக்கூடும் என்பதால், முன்பே எடுத்த காப்புநகல் இங்கே வெறும் சடங்கன்று.

நிரலைத் திருத்தும் நிலையில் இருப்பவர்களுக்கு வேறொரு வழியைப் பரிந்துரைப்பேன். எல்லாத் தளங்களையும் ஒரே மூச்சில் சுற்றிவருவதற்குப் பதிலாக, அட்டவணை அமைப்பின் பதிப்பு எண்ணை ஒவ்வொரு தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையிலும் சேமித்துவைத்து, செருகுநிரல் ஏறும்போது அந்த எண் இல்லாமலோ பழையதாகவோ இருந்தால் அங்கேயே டிபிடெல்ட்டா சார்பை அழைத்து அட்டவணையை உருவாக்கிக்கொள்ளச் செய்யலாம். செருகுநிரல் புதுப்பிக்கப்படும்போது ஆக்டிவேஷன் ஹூக் ஓடாது என்ற இன்னொரு குறையையும் இது சேர்த்தே தீர்க்கிறது.

பழைய தளங்களில் எல்லாம் சரி, புதிதாக உருவாக்கும் தளத்தில் மட்டும் சிக்கல் என்றால், தளம் உருவாகும் நேரத்து ஹூக்கைப் பாருங்கள். 2019இல் வெளிவந்த 5.1 பதிப்பிலிருந்து அதற்குரியது டபிள்யூபி_இனிஷியலைஸ்_சைட். முன்பிருந்த டபிள்யூபிஎம்யூ_நியூ_பிளாக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. புதிய ஹூக்கில் மூல வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகளை உருவாக்கும் வேலையை 10 என்ற முன்னுரிமையில் செய்கிறது. உங்கள் சார்பை அதற்குக் குறைந்த எண்ணில் மாட்டினால், தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையே பிறக்காத நேரத்தில் அது ஓடும்.

அறிகுறி: இயக்கிய பின் செருகுநிரலின் பக்கங்கள் துணைத்தளங்களில் மட்டும் 404 (பக்கம் இல்லை) காட்டுகின்றன

முகவரி விதிகளும் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனி. ஸ்விட்ச்_டு_பிளாக் சார்பு அட்டவணை முன்னொட்டை மாற்றுமே தவிர, அந்தத் தளத்தில் இயங்கும் செருகுநிரல்களையோ வார்ப்புருவையோ ஏற்றாது. ஆகவே அந்தச் சுழலுக்குள் நின்று விதிகளைப் புதுப்பித்தால், முதன்மைத் தளத்தின் விதிகளே துணைத்தளத்திற்குள் எழுதப்படும். மாறாக, ஒவ்வொரு தளத்திலும் ரீரைட்_ரூல்ஸ் என்ற ஆப்ஷனை அழித்துவிட்டால் போதும். அடுத்த வருகையின்போது அந்தத் தளம் தன் விதிகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஓரிரு தளங்கள்தாம் என்றால் அங்குள்ள நிரந்தர இணைப்புகள் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்தாலே விதிகள் புதுப்பிக்கப்படும்.

அறிகுறி: தாய்ச் செருகுநிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அது இல்லை என்று துணைச் செருகுநிரல் சொல்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வேலை செய்பவை.

முதலாவதில் தாய் வலையமைப்பு முழுவதற்கும் இயக்கப்பட்டிருக்கும், துணை ஒரு தளத்தில் மட்டும் இயக்கப்பட்டிருக்கும். துணையின் ஆசிரியர், ஆக்டிவ்_பிளகின்ஸ் ஆப்ஷனில் தாயின் பெயர் உள்ளதா என்று மட்டும் தேடியிருப்பார். தாயின் பெயரோ வலையமைப்பின் ஏட்டில் இருக்கிறது. தளத்தின் ஏட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இஸ்_பிளகின்_ஆக்டிவ் என்ற சார்பு இரண்டு ஏடுகளையும் பார்க்கும் என்றாலும், அது நிர்வாகப் பகுதியின் கோப்பில் வரையறுக்கப்பட்டிருப்பதால், அந்தக் கோப்பைச் சேர்க்காமல் தளத்தின் முன்பக்கத்தில் அழைத்தால் பழைய வேர்ட்பிரஸ் பதிப்புகளில் அதுவே கொடும்பிழையாகும் (நிரலை அங்கேயே நிறுத்திவிடும் பிழை). தாயின் முதன்மை வகுப்போ சார்போ வரையறுக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

இரண்டாவதில் துணை வலையமைப்பு முழுவதற்கும், தாய் தளத்தில் மட்டும். இங்கே ஏற்றப்படும் வரிசைதான் பகை. வேர்ட்பிரஸ் முதலில் மியூ-பிளகின்ஸ் கோப்புகளையும், அடுத்து வலையமைப்பு அளவில் இயங்குபவற்றையும், அதன் பிறகே தளத்திற்குரியவற்றையும் ஏற்றுகிறது. துணை ஏறும் கணத்தில் தாய் இன்னும் வரவில்லை. வகுப்பைத் தேடினாலும் இராது. அந்தச் சோதனையை, அனைத்தும் ஏறி முடிந்த பின் ஓடும் பிளகின்ஸ்_லோடட் ஹூக்கிற்கு நகர்த்தினால் தீர்ந்துவிடும். நிரலைத் தொட முடியாதவர்கள் இரண்டையும் ஒரே நிலையில் இயக்குங்கள்: இரண்டும் வலையமைப்பு முழுவதற்கும், அல்லது இரண்டும் தளத்தில் மட்டும். ஒரே நிலைக்குள் கோப்புப் பாதையின் அகரவரிசையே ஏற்றும் வரிசை என்பதால், துணையின் பெயர் தாயின் பெயருக்கு முன்னால் வரும்போது ஒரே நிலையில் வைத்தாலும் இந்தச் சிக்கல் தொடரக்கூடும்.

அறிகுறி: இயக்க முயன்றால் கொடும்பிழை என்றோ, எதிர்பாராத எழுத்துகள் வெளிவந்தன என்றோ செய்தி வருகிறது

எத்தனை எழுத்துகள் என்பதைச் செய்தியே சொல்லும். 3 என்றால், கோப்பின் தொடக்கத்தில் பைட் ஒழுங்குக் குறி (கோப்பின் எழுத்துமுறையைச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள்) அமர்ந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகக் கொள்ளலாம். நிரலில் தமிழ்ச் சொற்களை எழுதும் நமக்கு இது பழகிய தொல்லை: விண்டோஸின் நோட்பேட், 1903 என்ற எண்ணுடைய விண்டோஸ் 10 பதிப்புக்கு முன்னால், யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தாலே அந்தக் குறியைச் சேர்த்துவிடும். குறி சேர்க்காமல் சேமிக்கும் திருத்தி ஒன்றில் கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தால் போதும்.

கொடும்பிழையைப் பொறுத்தவரை, வேர்ட்பிரஸ் செருகுநிரலை ஏட்டில் எழுதுவதற்கு முன்பே அதன் கோப்பை ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறது. அதில் விழுந்தால் பதிவே நடக்காது. ஆனால் வலையமைப்பு நிர்வாகத்திலிருந்து இயக்கும்போது இந்த ஒத்திகை முதன்மைத் தளத்தின் சூழலில் நடப்பதால், துணைத்தளத்தில் மட்டும் நேரக்கூடிய மோதல் அதில் அகப்படாது. எடுத்துக்காட்டாக, ஒரு துணைத்தளத்தில் அதே செருகுநிரலின் பழைய நகல் வேறு பெயருள்ள கோப்புறையிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கலாம். இதை ஆசிரியரின் களஞ்சியத்திலிருந்து நேரடியாக இறக்கிய பொதியில் அடிக்கடி பார்க்கலாம், ஏனென்றால் அதன் கோப்புறைப் பெயரின் இறுதியில் கிளையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வலையமைப்பு நகல் முதலில் ஏறும், தளத்து நகல் பின்னால் ஏறி அதே சார்புகளை மறுபடியும் வரையறுக்க முயலும், அந்தத் தளம் மட்டும் சாய்ந்துவிடும். பதிவுக்கோப்பின் வரியில் இரண்டு கோப்புறைப் பெயர்களும் அடுத்தடுத்துத் தெரிவதே இதற்குச் சான்று.

பிஎச்பி பதிப்பு போதாது என்ற செய்தியில் மறைபொருள் ஏதுமில்லை. செய்தி கேட்பதைச் செய்யுங்கள். இயக்கும் இணைப்பே மங்கி இருந்தால், 6.5 பதிப்பில் வந்த சார்புத் தேவை அறிவிப்பின்படி வேறொரு செருகுநிரல் முதலில் இயங்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: எல்லாத் தளங்களும் ஒன்றாக வீழ்ந்தன, மீட்பு மின்னஞ்சலும் வரவில்லை

வராது. 5.2 பதிப்பில் அறிமுகமான மீட்பு நிலை, மல்டிசைட்டில் வேலை செய்வதில்லை. தனித்தளப் பழக்கத்தில் அஞ்சல்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது நேர விரயம். டபிள்யூபி-சிஎல்ஐ இருந்தால், செருகுநிரல்களை ஏற்றாமல் ஓடும் தெரிவோடு, வலையமைப்பு அளவில் முடக்கும் கட்டளையைக் கொடுங்கள். இல்லையென்றால் எஸ்எஃப்டிபி (சர்வரின் கோப்புகளைத் தொலைவிலிருந்து கையாளும் முறை) வழியாகப் போய் அந்தச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். கோப்பைக் காணாத வேர்ட்பிரஸ் அதைத் தாண்டிச் சென்றுவிடும், தளங்கள் எழுந்துவிடும்.

ஆனால் அத்தோடு ஏட்டிலிருந்து அது நீங்கிவிடவில்லை. வலையமைப்பு நிர்வாகத்தின் செருகுநிரல்கள் பக்கத்தைச் சூப்பர் அட்மினாகத் திறக்கும்போதுதான், கோப்பு இல்லாததால் முடக்கப்பட்டது என்ற அறிவிப்போடு பதிவு அழியும். அதற்கு முன்பே கோப்புறைப் பெயரைத் திருப்பி மாற்றினால், அதே விபத்து அதே வேகத்தில் திரும்பும். தனித் தளங்களின் ஏடுகளிலும் அந்தப் பெயர் இருந்தால், அந்தந்தத் தளத்தின் பக்கத்தைத் திறக்கும்வரை அங்கே அது நீங்காது. தரவுத்தளத்தில் நேரடியாகத் திருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த மதிப்பில் ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ விட்டால் மதிப்பு முழுவதும் படிக்க முடியாததாகி, எல்லாச் செருகுநிரல்களும் ஒருசேர நின்றுவிடும்.

அறிகுறி: வலையமைப்பு அளவில் முடக்கியும் ஒரு தளத்தில் மட்டும் இயங்குகிறது

வலையமைப்பு முழுவதற்கும் இயக்குவதற்கு முன்பே யாரோ அந்தத் தளத்தில் தனியாக இயக்கியிருக்கிறார்கள். வலையமைப்பு இயக்கம் தளத்தின் ஏட்டை அழிப்பதில்லை; அதை மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். மேலடுக்கை நீக்கியதும் பழைய பதிவு மீண்டும் உயிர்பெறுகிறது. டபிள்யூபி-சிஎல்ஐயில் அந்தத் தளத்தின் முகவரியோடு செருகுநிரல் பட்டியலைக் கேட்டால், நிலையைக் காட்டும் பத்தியில் வலையமைப்பு இயக்கமா தள இயக்கமா என்று பிரித்தே காட்டும். அங்கே போய்த் தனியாக முடக்கிவிடுங்கள்.

அறிகுறி: இயக்கினால் நிற்பதில்லை, சிறிது நேரத்தில் தானாக முடங்குகிறது

நிலையான பொருள் கேஷ் (தரவுத்தளத்தில் படித்த மதிப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு) பயன்படுத்தும் வலையமைப்புகளில், ஏட்டின் பழைய நகல் கேஷில் தங்கியிருப்பதை முதலில் சந்தேகியுங்கள். தரவுத்தளத்தில் உள்ள மதிப்பும் திரையில் காண்பதும் வேறுபட்டால், கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால், எத்தனை சர்வர்கள் இந்த வலையமைப்பைத் தாங்குகின்றன என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் செருகுநிரலின் கோப்புகள் போய்ச் சேர்ந்திருந்தால், இயக்கும் கோரிக்கை கோப்பு உள்ள சர்வருக்குப் போய் வெற்றி பெறும். பிறகு யாரோ செருகுநிரல்கள் பக்கத்தைத் திறக்கும் கோரிக்கை கோப்பு இல்லாத சர்வருக்குப் போகும். அது கோப்பைக் காணாமல், இரண்டு சர்வர்களுக்கும் பொதுவான ஏட்டிலிருந்து பெயரை அடித்துவிடும். ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியே உள்நுழைந்து அந்தக் கோப்புறையைப் பட்டியலிட்டு, இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே இயக்கும் பொத்தானை மறுபடியும் அழுத்துங்கள்.